ரயிலில் லேப்டாப் வேலை: டாங்கிள் வாங்கலாமா?

கேள்வி: மாதம் இரண்டு தடவை நெல்லையிலிருந்து வந்தே பாரத்தில் சென்னைக்கு வருகிறேன். வண்டியில் இருக்கும் எட்டு மணி நேரமும் எனக்கு வேலை நேரம். போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்தால், மதுரை தாண்டியதும் மீட்டிங் பாதியில் அறுந்துபோகிறது. கடையில் 2,500 ரூபாய்க்கு ஒரு டாங்கிள் (சிம் போட்டு லேப்டாப்புக்கு நெட் தரும் சின்னக் கருவி) காட்டி, “இனி பிரச்சினையே வராது மேடம்” என்கிறார்கள். வாங்கலாமா?
– பாளையங்கோட்டை வாசகி

பதில்: இப்போது வாங்காதீர்கள். டாங்கிளுக்குள்ளும் ஒரு சிம்தானே போடப்போகிறீர்கள்? உங்கள் போனில் இருக்கும் அதே கம்பெனி சிம்மைப் போட்டால், போனுக்கு டவர் கிடைக்காத இடத்தில் டாங்கிளுக்கும் பெரும்பாலும் கிடைக்காது. 2,500 ரூபாய் வீணாகும்.

முதலில் வேறு கம்பெனி சிம் ஒன்று வாங்கி போனின் இரண்டாவது இடத்தில் போடுங்கள். எந்தக் கம்பெனி என்று விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அடுத்த பயணத்தில், மீட்டிங் அறுந்த இடத்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம் “உங்களுக்கு நெட் வருகிறதா, எந்த சிம்?” என்று கேளுங்கள். அதைவிட நம்பகமான தகவல் கிடைக்காது. ரீசார்ஜ் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கூடுதல் டேட்டா பேக்குகள் பெரும்பாலும் அடிப்படை பிளான் நடப்பில் இருந்தால்தான் வேலை செய்யும். பயணத்தன்று காலையில் டேட்டா பேக் மட்டும் போட்டுவிட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

அப்புறம், வைஃபை ஹாட்ஸ்பாட்டை விட்டுவிட்டு, டேட்டா போகக்கூடிய யுஎஸ்பி கேபிளில் போனை லேப்டாப்போடு இணையுங்கள். போன் செட்டிங்ஸில் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்று இருக்கும். போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே இணைப்பு அறுவது நின்றுவிடும், போனும் சார்ஜ் ஆகும். ரயில் பெட்டியின் இரும்புக் கூடு சிக்னலைத் தடுக்கும், அதனால் போனை ஜன்னல் பக்கம் வையுங்கள்.

5ஜி வந்துவந்து போகிற வழியில் போனை 4ஜிக்கு மட்டும் மாற்றி வைத்தால் வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் மீட்டிங் நிற்காமல் ஓடும். ‘அளவில்லா 5ஜி’ பிளான் என்றால், போன் 4ஜிக்கு இறங்கியதும் தினசரி டேட்டா கரையத் தொடங்கும். அது தீர்ந்தால் பெரும்பாலான பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்தான். அதில் மெயில் திறப்பதே பெரும்பாடு. ஆகவே விண்டோஸில் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ (டேட்டா அளவோடு கிடைக்கும் இணைப்பு) என்று குறித்துவிடுங்கள். பெரிய அப்டேட்டுகள் பின்னால் ஓசையில்லாமல் இறங்காது.

இரண்டு சிம் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. டேட்டா ஒரு சிம்மில் ஓடும்போது மற்ற சிம்மில் அழைப்பு வந்தால், பல போன்களில் நெட் நின்றுவிடும். மீட்டிங் நேரத்தில் அந்த எண்ணுக்கு அடிக்கடி கால் வருமென்றால், அல்லது போன் பழசாகி சூடாகிறதென்றால், அப்போது டாங்கிள் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. எல்லா கம்பெனி சிம்மும் ஏற்கும் கருவியாகப் பாருங்கள். சிம் கம்பெனிகளே விற்கும் கருவிகள் பல, அவர்கள் சிம்மை மட்டுமே ஏற்கும். பிஎஸ்என்எல் சிம் போட நினைத்தால், அவர்களுடைய 4ஜி ஓடும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அந்தக் கருவியில் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய மாடல்கள் பலவற்றில் இருக்காது. ‘எல்லா சிம்மும் வேலை செய்யும்’ என்று கடைக்காரர் சொன்னால், அதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பிறகு சிம் வேலை செய்யாமல் போய், கடைக்காரர் பொறுப்பேற்க மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் தர அந்த பில்தான் உங்களுக்குத் துணை.

கேள்வி: குடும்பத்தோடு காஷ்மீர் போகிறோம். அங்கிருந்தும் தினமும் இரண்டு மணி நேரம் ஆபீஸ் வேலை பார்க்க வேண்டும். என்னிடம் இருப்பது ப்ரீபெய்டு சிம். போதுமா?
– ஈரோடு வாசகர்

பதில்: போதாது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. நெட் மட்டுமில்லை, பேசவும் முடியாது. போஸ்ட்பெய்டு வேலை செய்யும். வீட்டில் யாருக்காவது போஸ்ட்பெய்டு இருந்தால், அந்தப் போனில் லேப்டாப்பை இணைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் எண்ணை போஸ்ட்பெய்டுக்கு மாற்றக் கேளுங்கள். அங்கே போய் உள்ளூர் ப்ரீபெய்டு சிம் வாங்கவும் வழி உண்டு, ஆதார் கையில் இருக்கட்டும். ஆனால் வங்கி ஓடிபி வருவது உங்கள் ஈரோடு எண்ணுக்குத்தான். அது செத்துக் கிடந்தால் ஓட்டலுக்கு ஆன்லைனில் பணம் கட்டுவதுகூட முடியாமல் போகலாம். அதனால் நான் சொல்வது போஸ்ட்பெய்டுதான்.