கோடைகால உயர்திறன் டயர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேகத்துக்கும் பிடிப்புக்கும் பெயர்பெற்ற கோடைகால டயர்களைத் தங்கள் காரில் பொருத்தி ஓட்டிவரும் வாசகர்கள் எழுதியவற்றுள், பலருக்கும் பொதுவான ஐயங்களைத் தேர்ந்தெடுத்து இங்கே பதில் அளித்திருக்கிறோம்.

கேள்வி: கோடை முழுவதும் வளைவுகளில் தண்டவாளத்தில் போவதுபோல் நம்பிக்கையாக ஓடிய கார், பருவம் மாறிய பிறகு ஒரு காலை நேரத்தில், வெப்பமானி 4 டிகிரி காட்டியபோது, மிதமான வேகத்திலேயே ரவுண்டானாவில் பின்பக்கம் நழுவியது. சாலையில் பனியும் இல்லை, ஈரமும் இல்லை. அன்று மதியம் அதே இடத்தில் எந்தச் சிக்கலும் ஏற்படவில்லை. டயர் பழுதாகிவிட்டதா?

பதில்: பழுது எதுவும் இல்லை. கோடை டயரின் இயல்பையே நீங்கள் அன்று காலை சந்தித்திருக்கிறீர்கள்.

தார்ச்சாலையின் மேற்பரப்பு கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தாலும், உண்மையில் அது நுண்ணிய கல்முனைகளால் ஆனது. ரப்பர் அந்த முனைகளின் மேல் அழுந்தி, அவற்றின் வடிவத்துக்கு ஏற்ப வளைந்து, மீண்டும் தன் நிலைக்குத் திரும்பும்போது ஆற்றலை இழக்கிறது. பிடிப்பு என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு இந்த வளைதலிலிருந்தும் இழப்பிலிருந்தும் வருவதே. ஒவ்வொரு ரப்பர் கலவைக்கும் ஒரு வெப்பநிலை எல்லை உண்டு. அதை நெருங்க நெருங்கக் கலவை நெகிழ்வை இழந்து கெட்டிப்படும். கோடைகால உயர்திறன் டயரின் கலவை, சூடான சாலையில் கடும் பிரேக்கையும் வேகமான வளைவுகளையும் தாங்கி, குழையாமல் உறுதியாக நிற்பதற்காக வடிவமைக்கப்பட்டது. அந்த உறுதிக்குக் கொடுக்கும் விலைதான் குளிரில் வரும் விறைப்பு.

7 டிகிரி செல்சியசுக்குக் கீழே கோடை டயரைத் தவிர்க்க வேண்டும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை ஒரு வழிகாட்டியாகக் கொள்ளுங்கள். 8 டிகிரியில் முழுப் பிடிப்பு, 6 டிகிரியில் சறுக்கல் என்று அது கோடு கிழித்தாற்போல் மாறுவதில்லை, படிப்படியாகவே குறைகிறது. இரவு முழுவதும் வெளியில் நின்ற காரின் டயர் உள்ளும் புறமும் குளிர்ந்திருக்கும். வீட்டிலிருந்து நேர்ச்சாலையில் சில கிலோமீட்டர் வந்ததில் அது பெரிதாகச் சூடேறியிருக்காது. அந்த நிலையில் முதல் ரவுண்டானாவுக்குள் நுழைந்திருக்கிறீர்கள். மதியம் காற்றும் சாலையும் டயரும் சேர்ந்தே வெப்பமடைந்திருந்ததால், பழைய பிடிப்பு திரும்பிவிட்டது.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய இன்னோர் எல்லையும் உண்டு. மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே இவ்வகை டயர்களை ஓட்டவும் கூடாது, சேமித்து வைக்கவும் கூடாது என்று மிஷ்லின் நிறுவனம் எச்சரிக்கிறது. அந்தக் குளிரில் ரப்பர் வளையும்போது பட்டன்களில், அதாவது சாலையில் படியும் ரப்பர்க் கட்டைகளில், வெடிப்பு விழக்கூடும். அப்படி உறைந்துபோன டயரை அசைப்பதற்கு முன், மிதமான வெப்பமுள்ள இடத்தில் ஒரு நாள் முழுவதும் வைத்திருக்க வேண்டும். வெந்நீர் ஊற்றுவதோ சூடான காற்றை நேராகப் பாய்ச்சுவதோ கூடாது. குளிர்காலம் கடுமையாக உள்ள இடங்களில் வாழ்பவர்கள் பருவத்துக்கேற்ப டயரை மாற்றுவதை ஆடம்பரமாக நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: குளிர்ந்த காலைகளில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, ஊர்ந்தபடி காரை நிறுத்துமிடத்திலிருந்து வெளியே எடுக்கும்போது, முன்சக்கரங்கள் 'தட் தட்' என்று துள்ளுகின்றன. அகலமான கோடை டயர்கள் பொருத்திய பிறகே இது தொடங்கியது. ஏதாவது உடைந்துவிட்டதா என்று அச்சமாக இருக்கிறது.

பதில்: இதே அனுபவத்தை எழுதிய வாசகர்கள் பலர். கார் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் உருள வேண்டும். ஆகவே இரண்டும் வெவ்வேறு கோணத்தில் திரும்ப வேண்டும். வேகமான ஓட்டத்துக்காகச் சீரமைக்கப்பட்ட கார்கள் சிலவற்றில் அந்தக் கோண வேறுபாடு முழு ஒடிப்பில் தேவையான அளவுக்கு வருவதில்லை. அதனால் ஒரு சக்கரம் உருளுவதோடு பக்கவாட்டில் இழுபடவும் செய்கிறது. நெகிழ்வான ரப்பர் இந்த இழுப்பைச் சத்தமின்றித் தாங்கிக்கொள்ளும். குளிரில் விறைத்த அகல டயரோ, ஒரு கணம் சாலையைப் பற்றிக்கொண்டு முறுக்கேறி, பிறகு சட்டென விடுபட்டுத் துள்ளும். அந்தத் துள்ளல்தான் ஸ்டியரிங் வழியாக உங்கள் கைக்கு வருகிறது.

வெயில் ஏறிய பிறகு இது குறைந்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. ஸ்டியரிங்கைக் கடைசி எல்லைவரை ஒடிக்காமல் சற்றுத் தளர்த்திப் பிடித்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் நல்ல வெப்பத்திலும் துள்ளல் தொடர்ந்தாலோ, ரப்பர் சத்தத்துக்குப் பதிலாக இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டாலோ, பால் ஜாயின்ட், ஸ்டியரிங் இணைப்புகள் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பவரிடம் உடனே காட்டுங்கள். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் கார் என்றால், நான்கு டயர்களின் தேய்மானமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கேள்வி: வெளியிலிருந்து பார்த்தால் பட்டன்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் சர்வீசுக்காகக் காரைத் தூக்கியபோது, பின்டயர்கள் இரண்டின் உள்விளிம்பும் கம்பி தெரியும் அளவுக்கு மொட்டையாகியிருந்தன. இதற்கு டயரைக் குறை சொல்வதா, காரைக் குறை சொல்வதா?

பதில்: பெரும்பாலும் சக்கரக் கோணங்களையே முதலில் ஐயப்பட வேண்டும். வளைவில் டயர் முழு அகலத்திலும் சாலையில் படிய வேண்டும் என்பதற்காக, வேகமான கார்களின் சக்கரங்கள் மேல்பக்கம் சற்று உள்நோக்கிச் சாய்த்தே பொருத்தப்படுகின்றன. இந்தச் சாய்வைக் கேம்பர் என்பர். சாய்வு மட்டும் இருந்தால் உள்விளிம்பு கொஞ்சம் வேகமாகத் தேயுமே தவிர, கம்பி தெரியும் நிலை எளிதில் வராது. டோ எனப்படும் மற்றொரு கோணமும், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் நேர்க்கோட்டில் இல்லாமல் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவும், பிசகும்போதுதான் அழிவு விரைவாகிறது. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் டயர் சிறிதளவு பக்கவாட்டில் உராய்ந்துகொண்டே போகிறது. காரின் உயரத்தைத் தாழ்த்தியிருந்தால் இரண்டு கோணங்களுமே மாறியிருக்கும்.

கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவிப் பார்ப்பது இங்கே அதிகம் சொல்லும். கார் நின்று டயர் ஆறிய பிறகு, உள்ளங்கையைப் பட்டன்களின் மேல் வெளியிலிருந்து உள்ளே ஒருமுறையும், உள்ளிருந்து வெளியே ஒருமுறையும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் விளிம்புகள் விரலில் தட்டுவதாகவும் உணர்ந்தால், டோ கோணம் பிசகியிருக்கிறது. இன்னொரு வகை, சுற்றுவட்டத் திசையில் ஒவ்வொரு பட்டனின் முன்விளிம்பும் பின்விளிம்பும் உயரத்தில் வேறுபட்டு, ரம்பப்பல் போல் ஆவது. வேகம் ஏற ஏற வளரும் ஒரு முனகல் ஒலியால் அது தன்னைக் காட்டிக்கொள்ளும். தேய்ந்த டயரை மாற்றிவிட்டுக் கோணத்தைச் சரிசெய்யாமல் விட்டால் புது டயருக்கும் இதே கதி. மாற்றும் நாளிலேயே நான்கு சக்கர அலைன்மென்ட் செய்து, அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கம்பி தெரியும் டயர்களில் இனி ஒரு பயணமும் வேண்டாம்.

கேள்வி: புதிதாக இருந்தபோது மழையில் இதைப்போல் ஒரு டயரைக் கண்டதில்லை என்று சொல்லும் அளவுக்கு நம்பிக்கை கொடுத்தது. இப்போது பட்டன் ஆழம் 3 மில்லிமீட்டர். தேங்கிய நீரில் கார் மிதப்பதுபோல் இருக்கிறது. ஈரப்பிடிப்புக்கு லேபிளில் 'ஏ' என்று போட்டிருக்கும் டயர் இப்படிச் செய்யலாமா?

பதில்: ஐரோப்பிய லேபிளில் உள்ள ஈரப்பிடிப்பு எழுத்து, நனைந்த தளத்தில் புது டயரை வைத்துச் செய்யும் பிரேக் சோதனையிலிருந்து வருவது. அந்தத் தளத்தில் நீரின் ஆழம் 1 மில்லிமீட்டரை ஒட்டியதே. அங்கே வெற்றி தோல்வியை முடிவு செய்வதில் ரப்பர் கலவைக்குப் பெரும்பங்கு உண்டு. 1992-இல் மிஷ்லின் கார்பன் கரிக்குப் பதிலாகச் சிலிக்காவைப் பெருமளவில் கலந்து டயர் செய்யத் தொடங்கியது முதல், நனைந்த சாலையில் பற்றும் திறன் வெகுவாக முன்னேறியிருக்கிறது. தேங்கிய நீர் வேறு கணக்கு. அங்கே கலவை சாலையைத் தொடுவதற்கு முன்பே நீரை வெளியேற்றியாக வேண்டும். அந்த வேலை பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளங்களுடையது.

ஒரு கணக்கைப் பாருங்கள். டயர் சாலையைத் தொடும் அகலம் 200 மி.மீ., நீரின் ஆழம் 2 மி.மீ., வேகம் மணிக்கு 80 கி.மீ. என்று கொண்டால், அந்த ஒரு டயர் ஒவ்வொரு நொடியிலும் ஏறக்குறைய 9 லிட்டர் நீரை விலக்க வேண்டும். 7 அல்லது 8 மி.மீ. ஆழத்துடன் வந்த பள்ளங்கள் 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கியபோது, அந்த நீருக்கான இடம் பாதிக்கும் கீழே போய்விட்டது. அகலமான டயர் என்பதால் விலக்க வேண்டிய நீரும் அதிகம். காற்றழுத்தம் குறைந்திருந்தால் மிதப்பு இன்னும் குறைந்த வேகத்திலேயே தொடங்கும்.

ஐரோப்பாவில் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. என்றாலும், மழையில் வேகமாக ஓட்டுபவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது என்பதே என் உறுதியான கருத்து. அதுவரை மழையில் வேகத்தைக் குறையுங்கள். ஸ்டியரிங் திடீரென எடையற்றதுபோல் இலகுவானால் முன்டயர்கள் மிதக்கின்றன என்று பொருள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். பிரேக்கைச் சட்டென மிதிக்கக் கூடாது.

இரண்டு டயர்களை மட்டும் மாற்றுவதானால், முன்சக்கர விசை கொண்ட காராக இருந்தாலும் புதியவற்றைப் பின்னால் போடுங்கள். முன்பக்கம் பிடிப்பிழந்தால் கைக்குத் தெரியும். பின்பக்கம் பிடிப்பிழந்தால், தெரிவதற்குள் கார் சுழன்றிருக்கும்.

கேள்வி: என் டயரில் தேய்மான எண் 300, நண்பருடையதில் 180. என்னுடையது ஏறக்குறைய 1.7 மடங்கு நாள் உழைக்குமா?

பதில்: அப்படிக் கணக்கிட முடியாது. அது அமெரிக்க விதிப்படி, 100 என்று மதிப்பிட்ட ஒப்பீட்டு டயருடன் சாலையில் ஓட்டிப் பார்த்துத் தயாரிப்பாளரே இடும் எண். ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட ஓரளவு உதவும். வெவ்வேறு நிறுவனங்களுக்கிடையே நம்பகமான அளவுகோல் அன்று. 200-க்குக் கீழே இருந்தால் ஓட்டப்பந்தயத் தடத்தை மனத்தில் வைத்துச் செய்த மென்கலவையாக இருக்க வாய்ப்பு அதிகம். டயரில் அந்த எண்ணின் அருகில் உள்ள 'ஏஏ' போன்ற குறி, நேர்க்கோட்டில் ஈரத் தளத்தில் எடுத்த பிரேக் பிடிப்பின் அளவை மட்டுமே சொல்கிறது. வளைவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

கேள்வி: 17 அங்குல ரிம்மிலிருந்து 18 அங்குலத்துக்கு மாற நினைக்கிறேன். அளவு 225/45 ஆர் 17 91-லிருந்து 225/40 ஆர் 18 92 எக்ஸ்.எல். ஆகிறது. என்ன மாற்றத்தை எதிர்பார்க்கலாம்?

பதில்: 225 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில்; 45, 40 என்பவை பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்பவை. மொத்த விட்டம் 634 மில்லிமீட்டரிலிருந்து 637-க்குத்தான் போகிறது. ஆகவே வேகமானியில் பெரிய பிழை வராது. பக்கச்சுவரின் உயரமோ 101 மில்லிமீட்டரிலிருந்து 90-க்குக் குறைகிறது. ஸ்டியரிங் அசைவுக்குக் கார் உடனுக்குடன் பதில் தரும். மேடுபள்ளங்களும் அதே விரைவில் உங்கள் முதுகுக்கு வந்து சேரும். குழியில் அடிபட்டுப் பக்கச்சுவரில் முட்டைபோல் புடைப்பு விழுந்தால், உள்ளே நார்கள் அறுந்துவிட்டன என்று பொருள். அந்த டயரை அன்றே கழற்றிவிட வேண்டும். ஒட்டுப்போட்டுச் சரிசெய்யக்கூடியது அன்று.

பலர் கவனிக்காத ஒன்று காற்றழுத்தம். அளவின் இறுதியில் உள்ள எண் ஒரு டயர் தாங்கக்கூடிய சுமையைக் குறிப்பது: 91 என்ற எண் 615 கிலோவையும், 92 என்பது 630 கிலோவையும் குறிக்கும். எக்ஸ்.எல்., அதாவது கூடுதல் சுமைக்கென வலுவூட்டிய டயர், தன் முழுச் சுமையை ஏற்பது சாதாரண டயரைவிட உயர்ந்த அழுத்தத்தில்தான்: சாதாரண டயருக்கு 36 பி.எஸ்.ஐ. என்றால் எக்ஸ்.எல். டயருக்கு 42. பழைய டயருக்கு நிரப்பிய அதே அழுத்தத்தைப் புதிய டயருக்கும் நிரப்பினால், எண் கூடியிருந்தும் தாங்கும் திறன் குறைந்தே இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் 18 அங்குலத்துக்கெனத் தனி அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி மாறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. மாறும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: விற்பனையாளர் கொடுத்த புது டயரில் 2323 என்ற எண் இருக்கிறது. பழைய சரக்கா? வாங்கலாமா?

பதில்: 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். வெயிலும் ஈரமும் படாத குளிர்ந்த இருட்டறையில் இருந்திருந்தால், ஓரிரு ஆண்டுகள் கிடப்பில் இருந்ததால் மட்டும் ஒரு டயர் கெட்டுவிடாது. நான்கு டயர்களிலும் தேதி நெருக்கமாக இருக்கிறதா, பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். பயன்படுத்தத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆனபின் ஆண்டுக்கு ஒருமுறை நிபுணரிடம் காட்டுங்கள். தயாரான தேதியிலிருந்து பத்து ஆண்டுகள் கடந்துவிட்டால், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுங்கள்.