கணினிக்கு மாறிய தேர்வும் குறைந்துபோன 1.7 மதிப்பெண்ணும்

கேள்வி: பாலக்கோடு அருகே உள்ள எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் நான்கு பிரிவுகளாக 160 பேர் படிக்கிறார்கள். 40 மதிப்பெண் கணக்குத் தேர்வைச் சென்ற ஆண்டு வரை தாளில் நடத்தினோம். இந்த ஆண்டு ஆய்வகக் கணினிகளில் நடத்தினோம். சென்ற ஆண்டுச் சராசரி 24.6, இவ்வாண்டு 22.9. திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறியிருக்கும் அளவு) இரண்டு முறையும் ஏறத்தாழ 7. கணினியால் குறைந்த 1.7 மதிப்பெண்ணை எல்லோருக்கும் கூட்டிக் கொடுத்துவிடலாம் என்கிறார் எங்கள் தலைமையாசிரியர். அது சரியா? அதில் எவ்வளவு பிழை இருக்கும் என்று கணக்கிட முடியுமா? (கணித ஆசிரியர், தருமபுரி மாவட்டம்)

பதில்: இப்போதைக்குக் கூட்ட வேண்டாம். அந்த 1.7 கணினியால் வந்தது என்பதற்கு உங்கள் கையில் இன்னும் ஆதாரம் இல்லை. சென்ற ஆண்டு எழுதியவர்கள் வேறு பிள்ளைகள், வினாத்தாளும் வேறு. இவற்றோடு தேர்வு முறையும் சேர்ந்து மாறியிருப்பதால், குறைவுக்கு எது காரணம் என்று எந்தச் சூத்திரத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. பிழையைக் கணிப்பதற்கு முன்னால், பிழையைக் கணிக்கக்கூடிய விதத்தில் தேர்வை நடத்தியாக வேண்டும்.

எளிய வழி இது. அடுத்த தேர்வில் ஒரே வினாத்தாளை 80 பேருக்குத் தாளிலும் 80 பேருக்குக் கணினியிலும் கொடுங்கள். யாருக்கு எது என்பதை ஒவ்வொரு பிரிவுக்குள்ளேயும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். அ, ஆ பிரிவுகள் தாளில், இ, ஈ பிரிவுகள் கணினியில் என்று பிரிப்பது நிர்வாகத்துக்கு வசதிதான். ஆனால் கணக்கைக் கெடுப்பது அந்த வசதிதான். ஒரே பிரிவில் ஒரே ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைகளின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். 0 முதல் 1 வரை செல்லும் அந்த ஒப்புமையின் அளவு வெறும் 0.1 என்று வைத்துக்கொண்டால்கூட, 40 பேர் கொண்ட பிரிவுக்குப் பிழையின் வர்க்கம் 1 + 39 × 0.1, அதாவது 4.9 மடங்காகிவிடும், திட்டப்பிழை (கிடைத்த எண் தற்செயலாக எவ்வளவு விலகியிருக்கலாம் என்பதன் அளவு) 2.2 மடங்கு பெருகும். ஆய்வகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார இடம் இருக்காது என்பதால், கணினிக் குழு எத்தனை சுற்றாக எழுதுகிறதோ அத்தனை சுற்றிலும் தாள் குழுவில் ஒரு பங்கு அதே நேரத்தில் எழுதட்டும். இல்லையென்றால் காலையில் எழுதியவர்கள் மதிய உணவு இடைவேளையில் சொல்லும் விடைகளும் உங்கள் கணக்கில் கலந்துவிடும்.

இப்படி நடத்தியும் 1.7 வித்தியாசமே வந்தது என்று கொள்வோம். திட்டப்பிழை = 7 × √(1/80 + 1/80), ஏறத்தாழ 1.1. இதன் இரு மடங்கை இருபுறமும் விட்டால், உண்மையான வித்தியாசம் –0.5 முதல் 3.9 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பூஜ்யமும் அதற்குள் அடக்கம். 160 பேரை வைத்துச் செய்த சோதனையிலிருந்து இவ்வளவுதான் சொல்ல முடியும்.

பிழையைக் குறைக்க வேண்டுமானால் ஒவ்வொரு மாணவரும் இரண்டு முறையிலும் எழுத வேண்டும். ஒரே தரத்தில் இரண்டு வினாத்தாள்களைத் தயாரித்து, ஒரு வார இடைவெளியில், பாதிப்பேர் தாளில் தொடங்கிக் கணினிக்கும் மீதிப்பேர் கணினியில் தொடங்கித் தாளுக்கும் வரும்படி செய்யுங்கள். எந்த வினாத்தாள் முதலில் என்பதையும் மாற்றிப் போட்டால் 40 பேர் கொண்ட நான்கு குழுக்கள் அமையும். இரண்டு தேர்வு மதிப்பெண்களுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.8 என்றால், ஒரே மாணவரின் இரு மதிப்பெண்களின் வித்தியாசத்துக்குத் திட்ட விலக்கம் 7 × √(2 × 0.2), அதாவது 4.4, திட்டப்பிழை 4.4 ÷ √160, அதாவது 0.35. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். பிழை மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வேலை இரட்டிப்பாகும் என்றாலும் நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

பலரும் கவனிக்காமல் விடும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த முறையில் 1.2 வித்தியாசம் கிடைத்தது, அதை இவ்வாண்டுச் சராசரியோடு கூட்டி 24.1 ஆக்கிச் சென்ற ஆண்டின் 24.6-உடன் ஒப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வோர் ஆண்டுச் சராசரியின் திட்டப்பிழை 7 ÷ √160, அதாவது 0.55; இரண்டும் சேர்ந்து 0.78. பெரும்பாலானோர் இத்தோடு நின்றுவிடுவார்கள். கூட்டிய 1.2-க்கும் 0.35 பிழை உண்டு, அது 160 பேருக்கும் ஒரே திசையில் சேரும் பிழை. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் மொத்தம் 0.86. முதலில் சொன்ன எளிய வழியின் 1.1-ஐப் பயன்படுத்தியிருந்தால் 1.35 ஆகியிருக்கும். மாணவர் எண்ணிக்கை கூடக்கூட 0.78 சுருங்கும், இப்படிக் கூட்டும் மாற்று எண்ணின் பிழை சுருங்காது. உங்கள் பள்ளியில் கண்ட எண்ணை மாவட்டம் முழுவதற்கும் பயன்படுத்தினால், ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் சராசரியிலும் அதே பிழை அப்படியே உட்கார்ந்திருக்கும்.

உலக அளவிலும் இதே கதைதான். பல நாடுகளில் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வு 2015-ல் பெரும்பாலும் கணினிக்கு மாறியது. 2012, 2015 முடிவுகளை ஒப்பிடுவோர் சேர்த்துக்கொள்ள வேண்டிய இணைப்புப் பிழையை (இரு சுற்றுகளின் மதிப்பெண்களை ஒரே அளவுகோலில் பொருத்தும்போது வரும் பிழையை) அதை நடத்தியவர்களே வெளியிட்டார்கள்: கணிதத்துக்கு 3.5, அறிவியலுக்கு 3.9, வாசிப்புக்கு 5.3 புள்ளிகள். லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வுக்கே இந்த நிலை. கணிதம், அறிவியல் அறிவை அளக்கும் டிம்ஸ் தேர்வு 2019-ல் கணினிக்கு மாறியபோது, மாறிய நாடு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் கொண்ட தனிக் குழுவைத் தாளிலேயே எழுத வைத்து இரண்டையும் இணைத்தார்கள்.

சராசரியோடு நிற்காமல் வினாவாரியாகவும் பாருங்கள். 3/4 என்று தாளில் எழுதினால் நீங்கள் முழு மதிப்பெண் போடுவீர்கள், விடைக்குறிப்பில் 0.75 மட்டும் இருந்தால் கணினி அதைத் தவறு என்று தள்ளிவிடும். முக்கோணப் படம் மேலேயும் கேள்வி திரைக்குக் கீழேயும் இருந்தால், மாணவர் சுட்டியை உருட்டி உருட்டியே நேரத்தைத் தொலைப்பார். இவற்றுக்கு மருந்து மதிப்பெண்ணைக் கூட்டுவதல்ல, வினாவைத் திருத்துவது. ஆனால் இங்கேயும் ஓர் எச்சரிக்கை: சரியாக விடையளித்தோர் 60 விழுக்காடாக உள்ள ஒரு வினாவில், 80 பேர் கொண்ட இரு குழுக்களுக்கு இடையே 15 விழுக்காடு வரையிலான வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடும். 40 வினாக்களைச் சோதித்தால் இரண்டு வினாக்கள் ஒரு காரணமும் இல்லாமல் அந்த எல்லையைத் தாண்டும். எனவே எண் காட்டும் வினாவை எடுத்துத் திரையில் நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நேரம் மிகக் குறுகிய தேர்வாக இருந்தால் என் கணக்குகள் எவையும் உதவா. 1993-ல் மீட், டிராஸ்கோ என்னும் ஆய்வாளர்கள் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, திறனை அளக்கும் தேர்வுகளில் தாளுக்கும் கணினிக்கும் ஒட்டுறவு 0.97 ஆகவும், வேகத்தை அளக்கும் தேர்வுகளில் 0.72 ஆகவும் இருந்தது. வேகத் தேர்வில் இரண்டு முறைகளும் ஒரே திறனை அளக்கின்றன என்று சொல்லவே தயங்க வேண்டும்.

வீட்டில் கணினியைத் தொட்டிராத பிள்ளைகளுக்கு, உதாரணமாகச் சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்போருக்கு, இழப்பு கூடுதலாக இருக்கலாம் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கலாம். ஆனால் அப்படி 25 பேர்தான் உள்ளனர் என்றால், எளிய வழியில் அவர்களுக்குரிய வித்தியாசத்தின் திட்டப்பிழை 2.8 ஆகிவிடும், அதை வைத்துத் தனி மாற்று எண் போடுவது நியாயமாகாது. மதிப்பெண்ணில் சேராத பயிற்சித் தேர்வுகளை முன்கூட்டியே ஆய்வகத்தில் எழுத வைப்பதுதான் அவர்களுக்குச் செய்யக்கூடியது.

இனித் தனி மாணவர். உங்கள் தேர்வின் நம்பகத்தன்மைக் குணகம் (மறுபடி எழுதினாலும் மதிப்பெண் எவ்வளவு மாறாமல் வரும் என்பதன் அளவு; 1 என்றால் பிழையே இல்லை) 0.84 என்றால், ஒருவரின் மதிப்பெண்ணிலேயே 7 × √0.16, அதாவது 2.8 அளவீட்டுப் பிழை இருக்கும். 14 தேர்ச்சி எல்லை என்னும்போது 13 எடுத்தவரை 1.2 கூட்டித் தேர்ச்சி பெற வைப்பதும், கூட்டாமல் நிறுத்துவதும் இந்தப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும் முடிவுகள். எல்லைக்கு அருகில் நிற்பவர்களுக்கு மட்டும் தாளில் ஒரு மறுதேர்வு வைத்துவிடுங்கள். மதிப்பெண் பதிவேட்டில் கணினி தந்த மூல மதிப்பெண்ணையும் மாற்றிய மதிப்பெண்ணையும் தனித்தனிப் பத்திகளில் எழுதி, மேலே மாற்று எண்ணையும் அதன் பிழையையும் குறித்து வையுங்கள். அடுத்த தேர்வுக்குப் பின் அந்த எண் மாறும்போது பழைய கணக்கைத் திருத்த அது வேண்டியிருக்கும்.