உண்டியலோடு கிளம்பும் முன்

கேள்வி: முதியோர் இல்லத்துக்காகக் கடைத்தெருவில் நன்கொடை திரட்டப் போகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– வாசகி, மதுரை

பதில்: அறக்கட்டளையின் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், அம்மா. உண்டியலுக்கு முத்திரை வைத்து, திரும்பி வந்து இரண்டு பேர் முன்னிலையில் திறங்கள். ரசீதில் வரிசை எண் முக்கியம். எழுதும்போது தப்பாகிவிட்டால் கிழித்துப் போடாதீர்கள். குறுக்கே கோடு போட்டு அடிக்கட்டையோடு வையுங்கள். கல்லூரி நாளில் நான் ஒரு ரசீதைக் கிழித்தெறிந்துவிட்டு, கணக்கு ஒப்படைக்கையில் வார்த்தை வராமல் நின்றிருக்கிறேன். ஜிபே எண் கேட்பார்கள். உங்களுடையதைத் தரவே கூடாது, அறக்கட்டளையின் க்யூஆர் அட்டையைக் காட்டுங்கள். அப்புறம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடையாது. வாங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். ஆட்டோக் கட்டணத்தையும் வசூலிலிருந்து எடுக்க வேண்டாம்.