கிதாரின் பக்கப் பலகைக்குள் ஒட்டும் கீற்றுகள்

அன்புள்ள ஐயா,

முதன்முறையாக ஒரு கிதாரைக் கையால் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஈட்டி மரப் பக்கப் பலகைகளை 2 மில்லிமீட்டருக்கு இழைத்து, சூட்டில் வளைத்து, இரு முனைக் கட்டைகளிலும் ஒட்டி, மேற்பலகையையும் பின்பலகையையும் ஒட்டுவதற்கான விளிம்புப் பட்டைகளையும் பொருத்திவிட்டேன். பக்கங்களின் உட்புறத்தில் குறுக்காக மெல்லிய மரக் கீற்றுகள் கட்டாயம் வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். துணி நாடாவே போதும் என்கிறார் இன்னொருவர். எதை ஒட்டினாலும் ஒலி மங்கிவிடும் என்று மூன்றாமவர் பயமுறுத்துகிறார். பட்டை ஒட்டிய பிறகு இதையெல்லாம் செய்ய முடியுமா என்பதும் தெரியவில்லை.

சு.

அன்புள்ள சு.,

கீற்றுகளை ஒட்டுங்கள். பட்டையை ஒட்டிய பிறகும் ஒட்டலாம். கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

ஒலியைப் பற்றிய பயத்துக்கு அதிக இடம் கொடுக்க வேண்டியதில்லை. 100 மில்லிமீட்டர் நீளமும் 8 மில்லிமீட்டர் அகலமும் 2.5 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) கீற்று ஒரு கிராம்கூடத் தேறாது. பன்னிரண்டு கீற்றுகள் ஒட்டினாலும் மொத்தம் ஏறத்தாழ 10 கிராம்தான். கிதாரில் ஒலியை எழுப்பும் பெரும்பங்கு மேற்பலகையினுடையது. ஸ்பெயினின் கிதார் கைவினைஞர் அந்தோனியோ டி டோரெஸ் 1862-இல் பின்புறத்தையும் பக்கங்களையும் அட்டையால் செய்து கட்டிய கிதார் இதைக் காட்டுவதற்காகவே செய்யப்பட்டது என்பார்கள். பக்கங்கள் விறைப்பாக இருப்பதே நல்லது என்று கருதி, இரண்டு மெல்லிய பலகைகளை ஒன்றாக ஒட்டி வளைப்பவர்களும் இருக்கிறார்கள்.

கீற்று எதற்காக என்பதில்தான் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. பக்கப் பலகையில் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடுகிறது. எனவே எங்கேனும் அடிபட்டு மயிரிழை விரிசல் கண்டால், மூங்கிலின் நுனியில் கத்தியை வைத்துத் தட்டியதும் பிளவு தானாகக் கீழே ஓடுவதைப் போல, அது ரேகையைப் பிடித்துக்கொண்டு பலகையின் நீளம் முழுக்க ஓடப் பார்க்கும். விரிசல் விழாமல் காப்பது கீற்றின் வேலையன்று. விழுந்த விரிசல் இரண்டு கீற்றுகளுக்கு நடுவிலேயே நின்றுவிட வேண்டும், அதன் இரு உதடுகளும் மேலும் கீழும் விலகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி நின்ற விரிசலை ஒரு மாலைப் பொழுதில் ஒட்டிவிடலாம்.

இதைப் புரிந்துகொள்ளாமல் நானே ஒரு கருவியைக் கெடுத்திருக்கிறேன். என் இரண்டாவது கிதாரில், உங்களைப் போலவே பட்டைகளை முதலில் ஒட்டிவிட்டு, கீற்றுகளைப் பிறகு வெட்டி, அவற்றின் முனைகளை அழகாகச் சரித்து, பட்டைக்கு 4 மில்லிமீட்டர் முன்பாகவே நிறுத்தினேன். ஒருநாள் அது சரிந்து நாற்காலிக் கையில் மோதியது. ஒலித்துளை வழியாகச் சிறு கண்ணாடியையும் விளக்கையும் விட்டுப் பார்த்தபோது, மூன்று கீற்றுகளும் பத்திரமாக இருக்க, அவற்றின் முனைகளுக்கும் பட்டைக்கும் இடையே விட்டிருந்த அந்தச் சந்து வழியாகவே விரிசல் கோடு கிழித்தாற்போல இடுப்பைத் தாண்டிப் போயிருந்தது. விறைப்பான கீற்றுக்கும் விறைப்பான பட்டைக்கும் நடுவில் மெல்லிய பலகையை விட்டால், அடிபடும்போது வளைவதெல்லாம் அந்த இடத்தில்தான் வளையும்.

ஆகவே கீற்று ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை முழுமையாக ஓட வேண்டும். உங்கள் பட்டை வளைவதற்காக அடுத்தடுத்து அறுப்பு விட்ட வகையாக இருந்தால் வேலை எளிது: இரண்டு அறுப்புகளுக்கு இடையில் நிற்கும் ஒரு பல்லை மட்டும் கூரிய உளியால் எடுத்தால் கீற்றின் முனை உட்கார ஆயத்தமான ஒரு காடி (பள்ளம்) கிடைக்கும். மேலே ஒரு பல், அதற்கு நேர் கீழே ஒரு பல். கீற்றை அந்தப் பல்லின் அகலத்துக்கே சீவிக்கொள்ளுங்கள். பல்லுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். உளியைப் படுக்க வைத்துச் சிறுகச் சிறுக வழியுங்கள். கீழே இருப்பது 2 மில்லிமீட்டர் பலகைதான்.

மரமா துணியா என்றால், கிதாரின் அகன்ற வயிற்றுப் பகுதிகளுக்கு மரம், இடுப்பின் இறுக்கமான வளைவுக்குத் துணி என்பது என் வழக்கம். துணி நாடா விரிசலை இழுத்துப் பிடிக்கும், ஆனால் விறைப்புத் தராது. அதிலும் பசையில் முழுக்க ஊறாமல் மேலோட்டமாக ஒட்டிய நாடா சில ஆண்டுகளில் உரிந்து தொங்கும். மரக் கீற்றுக்கும் ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போது 100 மில்லிமீட்டர் அகலப் பக்கப் பலகை அரை மில்லிமீட்டர் வரை விரிந்து சுருங்கக்கூடும். குறுக்கே ஒட்டிய கீற்றோ தன் நீளவாக்கில் அசையவே அசையாது. ஈரமான நாளில் ஒட்டினால், பின்னால் பலகை காய்ந்து சுருங்கும்போது கீற்றே அதைப் பிளக்கும். ஒப்பு ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் இருக்கும்போது ஒட்டுங்கள், கீற்றின் தடிமனும் 2.5 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம்.

கீற்றின் அடிப்பரப்பு வளைவோடு ஒட்டிப் படிய வேண்டும். கீற்று உட்காரப் போகும் இடத்தில் உப்புத்தாளைச் சொரசொரப்பான பக்கம் மேலிருக்கும்படி வைத்து, கீற்றை அதன்மேல் மேலும் கீழுமாகத் தேயுங்கள். பலகையின் வளைவை அதுவே வாங்கிக்கொள்ளும். கீழ் வயிற்றில் 7, 8 சென்டிமீட்டருக்கு ஒன்று போதும், மேல் வயிற்றில் இன்னும் தள்ளி வைக்கலாம். பக்கத்தில் துளை போடும் எண்ணம் இருந்தால் அதன் இருபுறமும் முதலில் கீற்றுகளை ஒட்டிவிட்டுப் பிறகு துளையுங்கள்.

பசை காய்ந்ததும் கீற்றின் முனைகளைப் பட்டையோடு சேர்த்து ஒரே மட்டமாக வழித்துவிடுங்கள். ஒரு முனை துருத்திக்கொண்டிருந்தாலும் அந்த இடத்தில் பின்பலகை படியாது.