நாலு மணி நேரப் பந்தி

கேள்வி: என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். சீனப் புத்தாண்டுக்கு அங்கே இரண்டு நாள் விடுமுறை. நாலு மணி நேரத்தில் திருச்சியில் வந்து இறங்கிவிடலாம், வரவில்லை. போனில் கூப்பிட்டால், பத்து சிநேகிதர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு பகல் ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தவன் ஐந்து மணிக்கும் எழுந்திருக்கவில்லை. பெற்றவர்களைப் பார்க்க இல்லாத நேரம் விருந்துக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, உங்கள் வருத்தம் புரிகிறது. இருந்தாலும் இந்த விஷயத்தில் நான் உங்கள் மகன் பக்கம்தான்.

விமானத்தில் நாலு மணி நேரம் என்பது சரி. அதற்கு முன்னால் விமான நிலையத்தில் காத்திருக்க வேண்டும், அதற்கு அப்புறம் திருச்சியிலிருந்து தேவகோட்டைக்குக் காரில் வர வேண்டும். வந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் திரும்பக் கிளம்பும் நேரம். டிக்கெட் விலையும் விடுமுறை வாரத்தில்தான் ஏறிக் கிடக்கும். இதை விட்டுவிடுவோம்.

அந்த விருந்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வி வேறு ஊரிலிருந்து வந்திருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். செட்டிநாட்டிலிருந்து வரலாமா? கடல் தாண்டித் தொழிலுக்குப் போவதற்குக் 'கொண்டுவிக்கப் போவது' என்று தனிச்சொல்லே வைத்திருக்கும் சீமை இது. அந்தக் காலத்தில் ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்பு என்று நகரத்தார், அதாவது செட்டியார் வீட்டு ஐயாக்கள் மூன்று வருஷக் கணக்குக்குப் போவார்கள். ஆச்சிமார் இங்கே வளவு வீட்டில் இருப்பார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கு நம் ஆட்கள் வைத்த பெயரே செட்டித்தெரு. அங்கே கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் நீளமான ஒரு கூடம், ஆளுக்கொரு பெட்டி. பகலில் அதன் முன்னால் சம்மணமிட்டுக் கணக்கு எழுதுவார்கள். ராத்திரி அதன் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுப்பார்கள். சமையலுக்கு ஆள் ஊரிலிருந்து போவார். ஏஜெண்டு, அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லாருக்கும் அதே அடுப்புச் சோறுதான். வீடு, பெண்டு, பிள்ளை எதுவும் கூட இல்லாத மூன்று வருஷத்தை அவர்கள் எப்படிக் கழித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? 1859-ல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்களே, அங்கே இன்றும் தைப்பூசத்துக்கு அன்னதானம் நடக்கிறது. உங்கள் மகன் போட்ட இலை அந்த வரிசையில் இன்னொரு இலை.

பிள்ளையார் நோன்பையும் நினைத்துப் பாருங்கள். கார்த்திகையிலிருந்து 21-ம் நாள் 21 இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி, வீட்டில் மூத்தவர் கையால் வாங்கிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறீர்கள், அதுதான் இழை எடுப்பது. நடுக்கடலில் புயலில் மாட்டிக்கொண்டவர்கள் வேட்டியிலிருந்து நாளுக்கொரு நூலை உருவி நாளை எண்ணினார்கள் என்று அதற்குக் கதை சொல்வார்கள். வெளிநாட்டில் இருக்கும் நகரத்தார் பிள்ளைகள் இன்று ஓர் இடத்தில் கூடி இழை எடுக்கிறார்கள். அங்கே அப்பச்சி ஏது, ஐயா ஏது? கூட்டத்தில் வயதில் பெரியவர் யாரோ, அவர் கையால் வாங்கிக்கொள்கிறார்கள். அந்த நேரத்துக்கு அவர்தான் அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெரியவர்.

நான் ஷார்ஜாவில் நாலு வருஷம் இருந்தவன். அப்போது அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒரே அறையில் ஆறு பேர், அடுப்பு ஒன்று. பள்ளத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். வெள்ளிக்கிழமை வந்தால், அரிசி களைந்த தண்ணீரில் வைக்கும் வெண்டைக்காய் மண்டி அவர் பொறுப்பு. மற்ற யாராவது அரிசி களையப் போனால் வாசலில் இருந்தே "தண்ணியக் கொட்டிறாதீங்கப்பா!" என்று சத்தம் போடுவார். ஒருமுறை ஒருவர் கொட்டிவிட்டார். மனுஷர் ஒன்றும் பேசாமல் இன்னும் ஒரு படி அரிசியை எடுத்துக் களைந்தார். அன்றைக்கு அறையில் இருந்த ஆறு பேரும் பத்துப் பேர் சோற்றைச் சாப்பிட்டோம். அடுப்பு ஒன்று என்பதால் ஒவ்வொன்றாகத்தான் இறங்கும். தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தால், அப்பளம் பொரித்து வரும்போது குழம்பு ஆறியிருக்கும். யாருக்கும் அவசரம் இல்லை. கையில் சோறு காய்ந்து ஒட்டிக்கொண்ட பிறகும் பேச்சு ஓடும். யார் வீட்டில் கடன், யார் தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள், யாருக்கு முதுகு வலி என்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் வெளியே வரும். வார நாளில் அதைக் கேட்க யாருக்கு நேரம்?

மூன்றாவது வருஷம் ஒரு ராத்திரி, என் அப்பா தவறிவிட்டார் என்று செய்தி வந்தது. என் பாஸ்போர்ட் நான் வேலை பார்த்த கம்பெனியிடம் இருந்தது. பள்ளத்தூர்க்காரர் மேனேஜர் வீட்டுக் கதவைத் தட்டி அதை வாங்கி வந்தார். டிக்கெட் பணத்தை மற்ற நாலு பேர் போட்டார்கள். விடிவதற்குள் என்னை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். என் அம்மா அவர்கள் ஒருவரையும் பார்த்ததில்லை.

உங்கள் மகனுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் நீங்கள் போய்ச் சேர முடியாது, ஆச்சி. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் வருவார்.

தம்பிக்கும் ஒன்று சொல்கிறேன், இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். இலை போடும் முன்பே ஆத்தாவைக் கூப்பிட்டுப் பேசிவிட வேண்டும். கூடியிருக்கும் சிநேகிதர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். தன் பிள்ளை யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று தெரியாத தாய்க்கு, அவன் தொலைந்துவிட்டது போலத்தான் இருக்கும்.

அடுத்த முறை பேசும்போது "எப்ப வர்ற?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இன்னைக்கு என்னப்பா சமையல்?" என்று கேளுங்கள். மண்டி என்று சொன்னால், அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாம் தண்ணீரை எடுத்தானா என்று விசாரியுங்கள். பிள்ளைகள் பலரும் முதல் தண்ணீரிலேயே வைத்துவிட்டு, ஆத்தா வைப்பது போல வரவில்லையே என்று முழிக்கிறார்கள்.