இரண்டு பட்டாளத்துக்கும் ஒரே யானை

கேள்வி: என் தம்பி மதராஸ் ரெஜிமெண்டில் இருக்கிறான். அவனுடைய தொப்பிச் சின்னத்தில் யானை இருக்கிறது. இங்கிலாந்தின் பழைய குதிரைப்படை ஒன்றுக்கும் ‘அஸாயே’ என்ற பெயரோடு யானைச் சின்னம் உண்டாமே. யாரைப் பார்த்து யார் எடுத்தது?
— ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: யாரும் யாரையும் பார்த்து எடுக்கவில்லை. இரண்டு யானையும் ஒரே சண்டையில் இருந்து வந்தவை.

எங்கள் செல்லூர்த் தெருவில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். ஆகஸ்ட் 15 நெருங்கினால் திண்ணையில் உட்கார்ந்து அந்தச் சின்னத்துக்கு பிராசோ பாலிஷ் போட ஆரம்பித்துவிடுவார். தேய்த்துத் தேய்த்து யானையின் கண் போய்விட்டது, தும்பிக்கையும் மழுங்கிவிட்டது. பின்னால் குறுக்கே கிடக்கும் இரண்டு வாள்கள் மட்டும் இன்னும் கூர்மையாகத் தெரிகின்றன.

நீங்கள் சொல்லும் குதிரைப்படை 19ஆம் லைட் டிராகூன்ஸ். இந்தியாவுக்கு அனுப்புவதற்கென்றே 1781இல் திரட்டினார்கள். அப்போது அதன் எண் 23. மறு வருஷம் சென்னையில் வந்து இறங்கியது. பிரிட்டிஷ் அரசரின் குதிரைப்படை என்று இந்தியாவுக்கு வந்த முதல் படை இதுதான். 1786இல் எண் 19 ஆனது.

அஸாயே இன்றைய மகாராஷ்டிரத்தில், ஜால்னா மாவட்டத்தில் உள்ள சின்ன ஊர். 1803 செப்டம்பர் 23 அன்று சிந்தியா, பேரார் என்ற மராத்திய அரசர்களின் படைகளை ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி அங்கே எதிர்த்தார். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெலிங்டன் பிரபு. கைத்னா ஆற்றை இறங்கிக் கடக்க வழியே இல்லை என்று வழிகாட்டிகள் சொல்லிவிட்டார்கள். மனுஷன் பார்த்தார், இக்கரையில் ஓர் ஊர், நேர் எதிரே அக்கரையில் ஓர் ஊர். போக்குவரத்து இல்லாமலா இப்படி இருக்கும் என்று படையை நடத்தினார், துறை இருந்தது. வைகைக் கரையில் வளர்ந்த சின்னப் பையனைக் கேட்டிருந்தால் அவனும் இதைத்தான் சொல்லியிருப்பான்!

சண்டையில் 74ஆம் காலாட்படை அஸாயே ஊருக்கு மிக அருகே போய், பீரங்கிகளிடம் மாட்டிக்கொண்டு சின்னாபின்னமானது. அவர்களை மீட்கப் பாய்ந்தவை 19ஆம் டிராகூன்ஸும் மதராஸ் குதிரைப்படையும். தலைமை தாங்கிய கர்னல் மாக்ஸ்வெல் அன்றே செத்தார். அந்தக் களத்துக்காகத்தான் யானையும் ‘அஸாயே’ என்ற பெயரும் கிடைத்தன. அன்று பக்கத்தில் நின்று சண்டை போட்ட மதராஸ் பட்டாளங்களுக்கும் அதே யானை. அதைத்தான் உங்கள் தம்பி அணிகிறார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் எழுத சுகமாக இருந்திருக்கும். மூன்று வருஷம் கூட ஆகவில்லை, 1806 ஜூலை 10. புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி கூடாது, தாடியை மழி என்ற உத்தரவுகளால் கொதித்துப்போன சிப்பாய்கள் வேலூர்க் கோட்டையைப் பிடித்தார்கள். ஆற்காட்டில் இருந்த 19ஆம் டிராகூன்ஸை அழைத்துக்கொண்டு அங்கே தளபதியாக இருந்த கில்லெஸ்பி பறந்து வந்தார். அவரை மதில்மேல் கயிற்றால் தூக்கிவிட்டார்கள். பின்னால் வந்த பீரங்கிகள் கதவை உடைத்தன. உள்ளே அகப்பட்ட சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். கில்லெஸ்பியோடு ஆற்காட்டிலிருந்து மதராஸ் 7ஆம் குதிரைப்படையும் வந்தது. அஸாயேயில் டிராகூன்ஸோடு இருந்த அதே படை. 19ஆம் டிராகூன்ஸின் போர்ச் சிறப்புகளில் மைசூர் இருக்கிறது, ஸ்ரீரங்கப்பட்டணம் இருக்கிறது, அஸாயே இருக்கிறது. வேலூர் இல்லை. வெட்கப்பட்டு விட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சொந்தச் சிப்பாயை அடக்கியதைக் கொடியில் எழுதிக்கொள்ள எந்தப் படையும் விரும்பாது.

அப்புறம், 1821இல் அந்த ரெஜிமெண்டைக் கலைத்தார்கள். 1860களில் வங்காளத்தில் கம்பெனி திரட்டியிருந்த வேறொரு குதிரைப்படைக்கு 19 என்ற எண்ணைக் கொடுத்தார்கள். பிற்பாடு பழைய பெருமையும் அதன் பேரில் ஏறியது. தத்துப்பிள்ளைக்குப் பாட்டன் சொத்து வந்து சேர்ந்த மாதிரி!

கேள்வி: அந்தக் குதிரைகள் நம்ம ஊர் வெயிலில் என்ன தின்றன?
— ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: கொள்ளுதான். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது மனிதர்களுக்கு. பட்டாளத்துக் குதிரைக்குக் கொழுத்தாலும் இளைத்தாலும் அவித்த கொள்ளு. புல்லுக்கு வேறு ஏற்பாடு. ஒவ்வொரு குதிரைக்கும் தேய்த்துக் குளிப்பாட்ட ஒரு குதிரைக்காரர், வெயிலில் அலைந்து புல் செதுக்கிவர ஒரு புல்லுக்காரர். ஆக, ஒரு குதிரையில் ஏறிய ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பின்னால் நம் ஆட்கள் இரண்டு பேர். அவர்களுக்கு யானையும் இல்லை, ஒன்றும் இல்லை.

கேள்வி: வெள்ளைக்காரப் படைகளில் விசித்திரமான வழக்கம் ஏதாவது உண்டா, ஐயா?
— ஒரு கல்லூரி மாணவி, மேலூர்

பதில்: ஒன்று போதுமா, தாயி? 1813இல் ஸ்பெயினில் விட்டோரியா சண்டை. நெப்போலியனின் அண்ணன் ஜோசப் தப்பி ஓடும்போது விட்டுப்போன வண்டியிலிருந்து 14ஆம் லைட் டிராகூன்ஸ் ஒரு வெள்ளிப் பாத்திரம் எடுத்தார்கள். அது இரவில் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்ளும் மூத்திரச் சட்டி. அதில் ஷாம்பெயின் ஊற்றிக் குடிப்பது அவர்கள் மெஸ்ஸின் வழக்கமாகிவிட்டது. இப்போது அந்தச் சட்டி கிங்ஸ் ராயல் ஹுஸார்ஸ் வசம். ‘சக்கரவர்த்தியின் பணிப்பெண்கள்’ என்று கேலிப் பெயரும் நிலைத்தது.

கேள்வி: உங்கள் யானைப் படையிடம் இன்னும் குதிரை இருக்கிறதா?
— ஒரு வாசகர், சோழவந்தான்

பதில்: சண்டைக்கு இல்லை. பல இணைப்புகளுக்குப் பிறகு 1992 முதல் அதன் பெயர் ‘தி லைட் டிராகூன்ஸ்’. வேவு பார்க்கப் போவது ஜாக்கல் என்ற வண்டியில்.