பிரேக் சுற்றுக்குச் சுற்று மாறுகிறது: புது வீலா, புது பெடலா?

வீலும் பெடலும் வைத்து கார் ரேஸ் கேம் ஆடும் நீங்கள், பிரேக் சீராக இல்லாததால் எதைப் புதிதாக வாங்குவது என்று கேட்கிறீர்கள். முதலில் பெடலை மாற்றுங்கள். ஒரே வளைவில் ஒரு சுற்று முன்சக்கரம் லாக் ஆகிறது (சுழலாமல் நின்று வழுக்குகிறது), அடுத்த சுற்று கார் நிற்காமல் வெளியே ஓடுகிறது என்கிறீர்கள். அதை டைரக்ட் டிரைவ் வீல் (மோட்டாரோடு நேரடியாக இணைந்த ஸ்டீயரிங்) சரிசெய்யாது.

காரணம் பெரும்பாலும் பெடலுக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் என்ற சென்சார். அது அளப்பது பெடல் நகர்ந்த தூரத்தை. லோட் செல் என்ற இன்னொரு வகை சென்சார் அளப்பது அழுத்தத்தை. காலுக்குத் தூரத்தைவிட அழுத்தம்தான் நன்றாக நினைவில் நிற்கும். நிஜ ரேஸ் காரிலும் பிரேக் பெடல் கொஞ்சம்தான் இறங்கும், மற்றதெல்லாம் மிதிக்கிற பலம்.

வாங்கும் முன் பெடல் செட்டிங்ஸைத் திறந்து, திரையைப் பார்க்காமல் 70 சதவீதம் என்று தோன்றும் அளவுக்குப் பத்து முறை மிதியுங்கள். பக்கத்தில் ஒருவர் எண்களைக் குறிக்கட்டும். எண்கள் சிதறினால் லோட் செல் உதவும். காலை அசைக்காதபோதே அளவு துடித்தால் பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கு அல்லது தேய்மானம். சுத்தம் செய்தாலே போதுமாக இருக்கலாம்.

லோட் செல்லைப் பலமாக மிதிக்க வேண்டும். சக்கரம் வைத்த நாற்காலி என்றால் பின்னால் ஓடிவிடும், பெடல் முன்னால் நழுவும். இரண்டையும் அசையாமல் பொருத்த வழி செய்துவிட்டு வாங்குங்கள். கன்சோலில் ஆடுகிறீர்கள் என்றால், அந்தப் பெடல் உங்கள் வீல் பேஸில் (ஸ்டீயரிங் பொருந்தும் மோட்டார் பெட்டியில்) நேராகச் செருகக்கூடியதா என்றும் பாருங்கள். தனி யுஎஸ்பி பெடல்கள் பல கணினியில் மட்டும்தான் வேலை செய்யும்.